இறங்குறவனுக்கும் டிக்கெட்

மலையடிவாரத்தில் சடையாண்டிச் சாமியின் மடம் இருக்கிறது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஓர் அடுக்களை, வாசலில் ஒரு வேம்பு. அவ்வளவுதான். சாமிக்கு வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதனால் அவர் சீடர்களை அண்ணாச்சி, மதினி என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் அவரைச் சாமி என்பார்கள். இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

குத்தாலிங்கம் அண்ணாச்சி அப்படி ஒரு சீடர். பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பார். பார்த்ததும் பேரை எழுதிவிடுவார். முக்கால்வாசி சரியாகத்தான் இருக்கும். மீதிக் கால்வாசியைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மடத்துக்கு வந்தவர் கும்பிட்டுவிட்டு உட்காரக்கூட இல்லை.

"சாமி, வீட்டை வித்துரலாம்னு இருக்கேன். திங்கக்கிழமை புரோக்கர் வாரான்."

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "அப்பா கட்டுன வீடுல்லா?"

"ஆமா."

"என்ன கஷ்டம்?"

"கரண்டு பில்லு."

சாமியின் கை கீரையில் நின்றது. கரண்ட் பில்லுக்குப் பயந்து வீட்டை விற்கிறவரை அவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

அண்ணாச்சி சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னால் சுற்றி வளைத்துத்தான் சொல்வார். நான் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வீட்டு வாசலில் முன்பு ஒரு கறுப்பு மீட்டர் இருந்தது. கண்ணாடிக்குள் ஒரு வெள்ளிச் சக்கரம் சுற்றும். சக்கரத்தின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. சின்ன வயதில் அண்ணாச்சியும் தம்பி கோமதிநாயகமும் பெஞ்சைப் போட்டு ஏறி நிற்பார்கள். கோடு ஒரு சுற்று சுற்றி வரும்வரை யார் மூச்சை அடக்குவது என்று பந்தயம். தம்பிதான் எப்போதும் தோற்பான். அவன் தோற்றுக்கொடுத்தான் என்பது அண்ணாச்சிக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது.

இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிற்று. அண்ணன் கீழே, தம்பி மாடியில். சமையல் ஒன்றுதான். வேலம்மாள் மதினி குழம்பு கூட்டினால், தம்பி பெண்டாட்டி உலகம்மாள் பொரியல் வைப்பாள். மத்தியானம் மாடியில் உலகம்மாளின் கரண்ட் தையல் மிஷின் ஓடும். கீழே ரேடியோ பாடும். இரண்டு சத்தமும் இல்லாமல் அந்த வீட்டில் யாருக்கும் பகல் தூக்கம் வராது.

பிறகு அண்ணனும் தம்பியும் சேர்ந்து மொட்டை மாடியில் சோலார் போட்டார்கள். போட்ட அன்றைக்கு உச்சி வெயிலில் அந்த வெள்ளிச் சக்கரம் நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் சுற்றத் தொடங்கியது. வீடே வாசலில் கூடிவிட்டது. தம்பி மகள் செண்பகம் அப்போது சின்னப் பிள்ளை.

"பெரியப்பா, இது இப்படியே சுத்துனா நேத்து திரும்பி வந்துருமா?" என்று கேட்டாள்.

அதைச் சொல்லிச் சொல்லிப் பல நாள் சிரித்தார்கள். நல்ல காலம் அது. அதை அண்ணாச்சி சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது.

கொஞ்ச நாளில் மின்சார ஆபீஸ் ஆட்கள் வந்து கறுப்பு மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி ஒன்றை மாட்டிப் போனார்கள். அதில் சக்கரம் கிடையாது. எண்கள் மட்டும் ஓடும். ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மினுங்கும். கரண்ட் அதிகமாகப் போனால் வேகமாக, குறைந்தால் மெதுவாக. அந்தப் பெட்டி வந்ததிலிருந்து பில் ஏறியது.

இன்ஸ்பெக்டருக்கு ஓய்வு கொடுத்தாலும் புத்திக்கு யார் ஓய்வு கொடுப்பது? அண்ணாச்சி ஆளைத் தேடினார். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"மாடியில ஓடுத மிஷினு சட்டையா தைக்குது? நம்ம கரண்டு பில்லைல்லா தைக்குது."

குத்திப் பேசுவதில் அவரை ஜெயிக்க ஆள் கிடையாது. உலகம்மாள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பொரியலை எல்லாருக்கும் வைத்துவிட்டுத்தான் மாடி ஏறினாள். அன்றைக்கு மிஷின் ஓடவில்லை. அடுத்த மாதம் பிள்ளையார் கோவில் தெருவில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். போகும்போது கோமதிநாயகம் ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"சரிண்ணே."

சின்ன வயதிலிருந்தே அவர் அண்ணனிடம் சொல்கிற வார்த்தை அதுதான்.

தம்பி போனதும் பில் இறங்கியிருக்க வேண்டும். ஏறியது. அண்ணாச்சி மாடியைப் பூட்டினார். பிரிட்ஜைக் காலி பண்ணி நிறுத்தினார். பகலில் விசிறி கூடாது என்றார். ரேடியோவின் ஒயரைப் பிடுங்கி வைத்தார். மதினி மறுபடியும் அம்மியில் அரைத்தார். பில் அப்போதும் ஏறியது.

"இவ்வளவு குறைச்சும் கூடுதுன்னா என்ன அர்த்தம் சாமி? அந்த வீட்டுல என்னமோ இருக்கு."

சாமி கேட்டார்: "வீட்டுல புழக்கம் எப்படி?"

"அதான் சொன்னேன்லா. புழக்கமே இல்லை. ஒரு சுவிட்சைத் தொடுததில்லை."

"நான் கரண்டைக் கேக்கலை அண்ணாச்சி. தம்பி வீட்டோட?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். "அதுவும் இல்லை."

சாமி கீரைக் காம்பைத் தூரப் போட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுல சாப்பிடுதேன். மதினியைத் தேங்காத் துவையல் அரைக்கச் சொல்லுங்க. அம்மியில வேண்டாம். மிக்ஸியில."

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். சாமி வந்தபோது வீட்டு முன்னறை இருட்டாக இருந்தது. உட்கார்ந்ததும் வேர்த்துக் கொட்டியது.

"விசிறி இருக்கா?"

"இருக்கு சாமி," என்றார் அண்ணாச்சி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

மதினி புருஷனை ஒரு பார்வை பார்த்தார். "சாமி வந்திருக்காக," என்று சொல்லிவிட்டு சுவிட்சைத் தட்டினார். முதல் சுற்றிலேயே விசிறியிலிருந்து தூசி கொட்டியது.

"மாடியைத் திறங்க," என்றார் சாமி.

சாவி கிடைக்கக் கொஞ்ச நேரமாயிற்று. மாடி அறைக்குள் காலை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. மிஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்துக் கிடந்தது. சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு ஜாக்கெட் தொங்கியது. ஒரு கைதான் தைத்திருந்தது.

"யாருது?"

"என்னோடது சாமி," என்றார் மதினி. "அன்னைக்கு அப்படியே எந்திரிச்சுப் போயிட்டா. நானும் எடுக்கலை."

சாமி ஜன்னலைத் திறந்தார். விசிறியைப் போட்டார். விளக்கையும் போட்டார்.

"பட்டப்பகல்ல லைட்டு எதுக்கு சாமி?"

"எரியட்டும் அண்ணாச்சி. புழக்கம் இல்லாத வீடு புழுங்கத்தான் செய்யும்."

கீழே இறங்கி வந்தார்கள். சாமி ஒவ்வொன்றாகக் கேட்டார். ரேடியோவுக்கு ஒயர் எங்கே? கிரைண்டர் ஓடுமா? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? இல்லை என்றால் மோட்டாரைப் போடுங்கள். மடத்திலிருந்து கொண்டுவந்த துண்டைக் கொடுத்து, இதற்கு ஒரு இஸ்திரி போடலாமா என்றும் கேட்டார். அந்தத் துண்டு பிறந்ததிலிருந்து இஸ்திரியைக் கண்டதில்லை. மதினி சந்தோஷமாக எல்லாவற்றையும் தட்டிவிட்டார். மிக்ஸி அலறியது. ரேடியோவில் யாரோ உரத் தட்டுப்பாடு பற்றிப் பேசினார்கள். வீட்டில் ஆள் இருப்பது தெருவுக்கே தெரிந்தது.

அண்ணாச்சி மனசுக்குள் பில்லைக் கூட்டிப் பார்த்தார். குருவை ஒன்றும் சொல்ல முடியாது. வெளியே போய் மீட்டர் முன்னால் நின்றார்.

காலையில் வீட்டில் ஒன்றும் ஓடாதபோது அந்தச் சிவப்புப் பொட்டு படபடவென்று மினுங்கியதை அவர் பார்த்திருந்தார். இப்போது பைத்தியம் பிடித்த மாதிரி மினுங்கும் என்றுதான் நினைத்தார். பொட்டு மினுங்கியது. பிறகு அணைந்தது. அடுத்து எப்போது மினுங்கும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வேலம்மா, மோட்டாரை அமத்து."

மோட்டார் நின்றது. பொட்டு படபடத்தது.

"போடு."

மோட்டார் ஓடியது. பொட்டு அடங்கியது.

"இஸ்திரியை அமத்து."

படபடத்தது.

"போடு."

அடங்கியது. அண்ணாச்சி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். சாமி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சாமி, நம்ம வீட்டுல செலவழியாத கரண்டு மாடி சோலார் தகட்டுலேருந்து வெளியே போவுது. தெருவுக்குப் போவுது. இந்தப் பெட்டி அதையும் நாம வாங்குனதாப் போட்டிருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "பஸ்ஸை விட்டு இறங்குறவனுக்கும் டிக்கெட் போட்டிருக்கான் சாமி."

"சரி."

"நாங்க குறைக்கக் குறைக்க வெளியே கூடப் போயிருக்கு. அதான் ஏறியிருக்கு. அப்போ மாடியில மிஷினு ஓடுன வரைக்கும்…"

உள்ளேயிருந்து மதினி முடித்துவைத்தார்.

"மிஷினு ஓடுன வரைக்கும் பில்லு கம்மி. அவ வீட்டு வெயிலைத்தான் தைச்சிருக்கா. நம்ம பில்லையா தைச்சா?"

சாமியிடம் அண்ணாச்சி கேட்டார்: "சாமிக்கு இது முன்னாலேயே தெரியுமா?"

"மீட்டரைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? புழுங்குச்சு. விசிறி கேட்டேன்."

இலை போட்டார்கள். துவையல் நன்றாக இருந்தது. சாப்பிடச் சாப்பிட அண்ணாச்சிக்குத் தெளிவு வந்தது. தெளிவு வந்ததும் சந்தோஷமும் வந்தது. பல மாதமாகச் சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்த சந்தோஷம். நாளைக்கே மின்சார ஆபீஸுக்குப் போய் மனு கொடுக்கப் போவதாகச் சொன்னார். புரோக்கரை வர வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார்.

"எல்லாம் இந்தப் பெட்டி செஞ்ச வேலை சாமி. குடியைக் கெடுத்துட்டுது. இப்பவே தம்பிட்ட போயி, தப்பெல்லாம் மீட்டர் மேலதாம்டே, கிளம்பி வான்னு சொல்லிருதேன்."

சாமி இலையை மடித்தார். எழுந்து போய்க் கை கழுவினார். அவசரமே இல்லாமல் துண்டில் துடைத்துக்கொண்டார். துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது.

"மீட்டர் நம்பரைத்தானே காட்டுச்சு அண்ணாச்சி? பேரை எழுதுனது யாரு?"

ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. மதினி போய் அதைக் குறைத்தார்.

அண்ணாச்சி காய்ந்த கையோடு வெகுநேரம் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவருக்கு அது தெரியவில்லை. மதினி மாடிக்குப் போய் ஆணியில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்து, உதறி மடித்து அவர் கையில் கொடுத்தார்.

"போறதுதான் போறீக, இதையும் கொண்டு போங்க. இன்னொரு கையை வச்சுத் தரச் சொல்லுங்க."

அதை வாங்கிக்கொண்டார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். வாசலில், மீட்டருக்குக் கீழே நின்றார். அந்த இடத்தில்தான் முன்பு பெஞ்சு கிடக்கும்.

"சாமி, அவன் பழசைக் கேட்டாம்னா நான் என்ன செய்ய?"

"கேக்க மாட்டாரு அண்ணாச்சி. அதனாலதான் நீங்க சொல்லணும்."