மாதவராயரின் மூன்று மோதிரங்கள்

முன்னொரு காலத்திலே, மழை தவறாத ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். சட்டம் எழுத ஒருவர், குற்றவாளிகளைப் பிடித்து வர ஒருவர், தீர்ப்புச் சொல்ல ஒருவர் என்று அங்கே மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். ஒரு நாள் அரசனுக்கு விபரீத ஆசை பிறந்தது.

“ஒரு வழக்கு முடிய மூன்று மாதம் ஆகிறதே! மூன்று வேலையையும் ஒருவரே பார்த்தால் என்ன?”

“அடியேன் காத்திருக்கிறேன், மகாராஜா!” என்று முந்திக்கொண்டார் மந்திரி மாதவராயர். அந்த அதிகாரிகள் மூவரும் அணிந்திருந்த முத்திரை மோதிரங்கள் மூன்றும் அவர் விரலேறின.

வழக்குகள் உடனுக்குடன் முடிந்தன. மாட்டுக்கு மணி கட்டியதற்காகச் செக்காட்டும் மாரப்பன் சிறைக்குப் போனான். அடுத்த குறி, அரசனின் அன்புக்குரிய விகடன் திருவம்பலம். அவன்மேல் மாதவராயருக்குத் தீராத பொறாமை.

ஒரு நாள் காலையில் திருவம்பலம் அரண்மனை வீதியில் செருப்போடு நடந்தான். உச்சிவேளையில், “இவ்வீதியில் எவரும் செருப்பணியலாகாது” என்று மாதவராயர் சட்டம் எழுதினார். பொழுது சாய்வதற்குள் தாமே போய் அவனைப் பிடித்தார். தாமே தருமாசனத்தில் ஏறி, “நாடு கடத்துக!” என்றார்.

“ஐயா, நான் நடந்தபோது சட்டமே இல்லையே!”

“அதைத் தீர்மானிப்பவனும் நானே.”

மறுநாள் சபையில் விடைபெற வந்த திருவம்பலம் கைகூப்பினான். “மகாராஜா, போகுமுன் ஒரு புகார். நேற்று மாலை அதே வீதியில் இன்னொருவரும் செருப்போடு நடந்தார். என்னைப் பிடிக்க வந்த மாதவராயர்!”

“உண்மையா?” என்றான் அரசன்.

மந்திரி நெளிந்தார். “கடமைக்காக நடந்தேன், பிரபு.”

“சட்டத்தில் ‘எவரும்’ என்றுதானே இருக்கிறது? விசாரணை நடக்கட்டும்!” என்றான் அரசன்.

“அப்படியானால் பிடித்து வாருங்கள், ஐயா,” என்றான் திருவம்பலம். மாதவராயர் தம் இடக்கையை வலக்கையால் பற்றிக் கூண்டுக்கு நடந்தார்.

“தருமாசனம் காலியாக இருக்கிறதே!” என்றான் விகடன். அங்கே ஓடினார்.

“இப்போது கூண்டு காலி!” திரும்ப ஓடினார். சபை குலுங்கிச் சிரித்தது.

மூச்சு வாங்க ஆசனத்தில் விழுந்த மாதவராயர், “கடமைக்காக நடந்தவருக்குக் குற்றமில்லை. விடுதலை!” என்றார்.

“அந்த விலக்கு சட்டத்தில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டான் விகடன்.

மந்திரி எழுத்தாணியை எடுத்து ஓலையில் கீறினார். “இதோ, இருக்கிறது!”

திருவம்பலம் அரசன் பக்கம் திரும்பினான். “மகாராஜா, அதே வீதிதான், அதே செருப்புத்தான். எனக்கு நாடு கடத்தல், அவருக்கு விடுதலை. நாளை இதே ஓலையில், ‘மகுடம் சூடியவர் இவ்வீதியில் வரலாகாது’ என்று கீறினால், பிடிப்பவரும் அவரே, தீர்ப்புச் சொல்பவரும் அவரே. தாங்கள் யாரிடம் முறையிடுவீர்கள்?”

அரசனின் கை தானாக மகுடத்தைத் தொட்டது.

“மாதவராயரே, மோதிரங்களைக் கழற்றும்!”

மூன்று மோதிரங்களும் மீண்டும் மூன்று பேரிடம் போயின. புதிய நீதிபதி முதல் வேலையாக மாரப்பனை விடுவித்தார். திருவம்பலத்தின் தண்டனையையும் நீக்கினார்.

“ஆனால் திருவம்பலம், மூவரும் தினம் முட்டிக்கொள்வார்களே?” என்று கேட்டான் அரசன்.

“முட்டட்டும், மகாராஜா. அவர்கள் மூவரும் ஒன்றாகக் கைகோத்தால்தான் குடிகளுக்குத் தூக்கம் வராது!”

அரசன் வயிறு குலுங்கச் சிரித்து, தன் தோளிலிருந்த பட்டுப் பீதாம்பரத்தை எடுத்து அவனுக்குப் போர்த்தினான்.