கருமணி ஆற்றுப் பாலம்

நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும் நான்கு வழிச் சாலை, கருமணி ஆற்றங்கரையில் மட்டும் அறுந்து நின்றது. புதிய பாலம் கட்டி முடிந்திருந்தது. ஆனால் பாரம் ஏற்றிப் பார்க்கும் சோதனை இன்னும் நடக்கவில்லை. அதுவரை வண்டிகள் பக்கத்திலிருந்த பழைய தரைப்பாலத்தில்தான் போய் வந்தன.

அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்து தரைப்பாலத்தை மூழ்கடித்தது. இக்கரையில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு டவுன் பஸ். அதன் பின் இருக்கையில் வடகாசி என்ற பெண் கணவன் மடியில் சாய்ந்து கிடந்தாள். களை பறிக்கும்போது பாம்பு கடித்திருந்தது. கண்கள் சொருகிவிட்டன, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மருந்துள்ள அரசு மருத்துவமனை அக்கரையில் இருந்தது.

பஸ் ஓட்டுநர் ஜெபமணி இறங்கி ஓடினார். புதிய பாலத்தின் வாயிலை மறித்து இரும்புத் தடுப்பு போட்டிருந்தது. அதன் காவலுக்கு உதவி ஆய்வாளர் தாணுமாலயன் நின்றார். பாலப் பணிக்குப் பொறுப்பான பொறியாளர் சுகிர்தாவும் அங்கே இருந்தார்.

"மேடம், ஒரே ஒரு தடவை. பஸ்ஸைக் காலி பண்ணிட்டு இந்த அம்மாவை மட்டும் கொண்டுபோறேன்."

"நடுப்பகுதியில எனக்குச் சந்தேகம் இருக்கு. விரிசல் விட்டு ஒட்டுப் போட்ட இடம். சோதிக்காம எந்த வண்டியையும் விட மாட்டேன்" என்றார் சுகிர்தா. "ஆள் நடந்து போனா பயமில்ல. கட்டில் கொண்டுவரச் சொல்றேன், தூக்கிட்டுப் போங்க. அக்கரைக்கு ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு."

"அது வந்து சேர அரை மணி ஆகுமே மேடம். மூச்சு தாங்குமா?"

சுகிர்தா முடியாது என்று தலையை அசைத்தார்.

வடகாசியின் கணவன் சுடலைமுத்து ஜன்னல் வழியே கத்தினான். "பாலம் விழும்னா நானும் அவகூட விழுதேன். போக விடுங்கம்மா!"

தாணுமாலயன் அந்தக் குரலைக் கேட்டார். பொறியாளரைப் பார்க்காமலே போய்த் தடுப்பை இழுத்து ஒதுக்கினார்.

ஜெபமணி மற்ற பயணிகளையும் நடத்துநரையும் இறக்கிவிட்டார். மூவருடன் பஸ் பாலத்தில் ஏறி, ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. தாணுமாலயன் பஸ்ஸின் பின்னாலேயே பாலத்தின்மேல் ஓடி, நடுப்பகுதியை அது கடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். கடந்தது. கூட்டம் கைதட்டியது.

அந்தச் சத்தத்தில் பின்னால் உறுமிய இன்னொரு சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று வரிசையை விட்டு விலகிப் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. சுகிர்தா பார்த்துவிட்டார். கையிலிருந்த குடையை எறிந்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி அதன் முன்னால் போய் நின்றார். சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கி, அவர் முழங்காலைத் தொடும் தூரத்தில் நின்றன.

"திறந்து கிடந்துச்சு, வந்தேன்" என்றார் டிப்பர் ஓட்டுநர். சுகிர்தா தடுப்பை இழுத்து வாயிலை மறுபடி மூடினார்.

வடகாசி பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் மருத்துவர். வெள்ளம் வடிந்தபின் பாரச் சோதனை நடந்தது. நடுப்பகுதி தேறவில்லை. காலிப் பஸ்ஸைத் தாங்கிய அந்த இடம், ஜல்லி டிப்பரைத் தாங்கியிருக்காது என்பது தெளிவாகிவிட்டது. உடைத்துத் திரும்பக் கட்டினார்கள்.

விசாரணை வந்தது. உயிர் போகும் நேரத்தில் மறுத்தவர் சுகிர்தா. மறுத்த பாலத்தில் அரசு பஸ்ஸை ஓட்டியவர் ஜெபமணி. காவல் காக்கச் சொன்ன தடுப்பைத் திறந்தவர் தாணுமாலயன். கேட்பவர்களே, விசாரணை அதிகாரி நீங்கள் என்றால் இந்த மூவரில் யாரைக் குற்றவாளி என்பீர்கள்? எதற்காக?

விடை: தனக்கே நம்பிக்கையில்லாத பாலத்துக்குச் சுகிர்தா எப்படிச் சம்மதம் தர முடியும்? மறுத்ததோடு நிற்காமல் வேறு வழியும் காட்டினார். ஜெபமணி மற்றவர்களை இறக்கிவிட்டு, கணவனின் சம்மதத்தோடு, தன் உயிரையும் வைத்துத்தான் போனார். தாணுமாலயன் இரங்கித் திறந்ததிலும் குற்றமில்லை. ஆனால் பஸ் போனபின் அந்த வாயில் அவர் பொறுப்பு. அவரோ வேடிக்கை பார்க்கப் போய்விட்டார். அதிகாரி தீர்ப்பைச் சொல்லத் தயங்கியபோது தாணுமாலயனே எழுந்து சொன்னார்: "திறந்ததுக்குத் தண்டனைன்னா ஒத்துக்க மாட்டேன் ஐயா. மூடாம விட்டதுக்குன்னா, கொடுங்க."