பாறை மேல ஒரு குடம் தண்ணி

டேய், பாறை சுடுதுன்னு சிணுங்குற மகராசனுங்களா! கொஞ்சம் நகந்து உக்காருங்க. யாரு மடியில உக்காந்திருக்கோம்னு தெரியாமலே உக்காந்திருக்கீங்க.

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி இந்தக் கரட்டுச் சீமைய மருதப்பன்னு ஒரு ராசா ஆண்டாரு. காலையில ஒண்ணு சொல்வாரு, சோறு தின்னதும் மாத்திருவாரு. திடீர்னு ஒரு நாள் கல்லுல அரண்மனை கட்ட ஆசை வந்துருச்சு.

உடனே குஞ்சரமூர்த்தி எந்திரிச்சான். சபையில ராசா காதக் கடிக்கிறதே அவனுக்கு உத்தியோகம். "கரட்டுப் பாறைய உடைப்போம் மகராசா. ஈ எறும்புகூட இல்லாத மொட்டப் பாறை. என் கண்ணுக்குத் தப்பி அங்க ஒண்ணும் இருக்காது."

அங்க ஆடு மேய்க்கிற வேலாத்தா சபைக்கே வந்துட்டா. "சாமி, பாறை போனா என் ஆட்டுக்கு ஒதுங்க நெழலு கெடையாது. அங்க குடியிருக்கிறவங்களுக்கும் போக்கிடம் இல்ல."

"யாரு குடியிருக்கா?"

"வாங்க, காட்டுறேன்."

"காட்டுனா பாறை பொழைச்சுது. இல்லேன்னா நாளைக்கே உளி விழும்"னு ராசா கெளம்பிட்டாரு.

பாறைக்குப் போனதும் குஞ்சரமூர்த்தி மண்டி போட்டு, மூக்கு தேய அலசினான். "வெறும் கல்லு மகராசா! இவளுக்கு வெயில் தலைக்கேறிருச்சு."

"நல்லாப் பாத்துட்டீங்களா அய்யா?"

"பாத்தாச்சு, பாத்தாச்சு!"

வேலாத்தா குடத்துத் தண்ணிய மெதுவா பாறையில வழிய விட்டா. வெளுத்த கல்லு கருத்துப் போச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, அங்கங்க சாம்பக் கலர்ல அந்துப்பூச்சிங்க! காஞ்ச கல்லுல கல்லாவே கெடந்ததுங்க, நனைஞ்ச கல்லுல மாட்டிக்கிச்சுங்க. இருபதுக்கு மேல. ஒண்ணு குஞ்சரமூர்த்தி கட்டைவிரல் பக்கத்துலயே!

ராசா குனிஞ்சு ஒரு பூச்சிய உத்துப் பாத்தாரு. "சின்ன வயசுல பகையாளுங்க தொரத்துனப்ப நானும் இங்கதான் இப்பிடி ஒட்டிக் கெடந்தேன். ஒரு பொண்ணு சாம்பக் கம்பளியப் போத்தி விட்டா. குதிரைங்க என்னைத் தாண்டிப் போச்சு."

"அந்தக் கம்பளி எங்க சாமி? தொலைச்சேன்னு எங்கம்மா என்னை வெளுத்து எடுத்துட்டா!"ன்னா வேலாத்தா.

ராசா சிரிச்சாரு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அவளுக்குப் புதுக் கம்பளி போத்தி, "நான் இருக்கிற வரைக்கும் இங்க உளி படாது"ன்னாரு. குஞ்சரமூர்த்தியப் பாத்து, "நீர் இங்கயே அசையாம உக்காரும். ஒரு பூச்சி உம்ம மேல வந்து உக்காந்தா வீட்டுக்குப் போலாம்"னாரு.

ராசா போய்ட்டாரு, அவர் சொல்லும் போயிருச்சு. நாம உக்காந்திருக்கிறது மிச்சப் பாறை. பள்ளிக்கூடத்த விட்டுட்டு நான் மொதல்ல போனது கல்லு லாரிக்குக் கிளீனரா. உடைச்ச பாறையெல்லாம் போனது அந்த லாரியிலதான்டா. ஒரு நாளும் ஒரு சொம்பு தண்ணி ஊத்திப் பாக்கல நான்.