பயம் இருக்கிற வளைவு

"நான் இண்டைக்கு ஓட மாட்டன்" என்றாள் நிரோஜினி.

"சரி" என்றாள் ஆரணி.

நிரோஜினிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒருத்தி மாட்டேன் என்றால் மற்றவள் கொஞ்சமாவது கெஞ்ச வேண்டும். அதுதானே முறை.

"ஏனெண்டு கேக்க மாட்டியா?"

"ஏன்?"

"பயமாக் கிடக்கு."

மலையுச்சி. காலை வெயில். பெண்களுக்கான டவுன்ஹில் பனிச்சறுக்குப் போட்டிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே மூச்சில் இறங்க வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒரு தடவை வரும் சர்வதேசப் போட்டி. இதை விட்டால் அடுத்ததற்கு நிரோஜினிக்கு வயது போய்விடும்.

இருவரும் சுவிஸில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண்கள். அணியில் மொத்தமே இரண்டு பேர்தான். ஓடுகிறவள் ஒருத்தி, சொல்லிக் கொடுக்கிறவள் ஒருத்தி. எந்த நாட்டு அணி என்று கேட்காதீர்கள். சொன்னால் வீண் சண்டை வரும்.

குரு ஆரணி மூன்று வயது இளையவள். அதனால் குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை நீ என்பாள். பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்றே விளங்காது.

நிரோஜினி நெஞ்சில் கட்டியிருந்த போட்டி நம்பரைத் திருப்பிக் கொடுக்கக் கழற்றப் போனாள்.

"இஞ்ச குடுக்கேலாது அக்கா. நடுவர் குழு கீழதான் இருக்கு."

"அப்ப கீழ போவம்."

"லிஃப்ட் இண்டைக்கு மேல மட்டுந்தான் ஏத்தும். பாதையாலதான் இறங்கோணும்."

நிரோஜினி வாய்க்குள் எதையோ திட்டினாள்.

போட்டிக்கு முன் எல்லோரும் ஒரு முறை பாதையைப் பார்த்துக்கொண்டு இறங்கலாம். வேகம் கூடாது. காலில் பூட்டிய ஸ்கீப் பலகையைக் குறுக்காக வைத்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வழுக்கி வழுக்கிப் போக வேண்டும். திரும்பி ஏறக் கூடாது. நம்பர் நெஞ்சில் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஆளையே பாதையிலிருந்து தூக்கிவிடுவார்கள். ஆக, ஓட மாட்டேன் என்று சொல்லப் போகிறவளும் நம்பரைக் கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

"போற வழியில ஒண்டு செய்வம்" என்றாள் ஆரணி. "பயம் எந்த இடத்தில எண்டு காட்டுங்கோ. நடுவர்களிட்டச் சொல்லித் திருத்துவிப்பம். நேற்று ஒருத்தி முறைப்பாடு செய்து, பாதையில நட்ட ஒரு கேட் கம்பையே தள்ளி நட்டவங்கள்."

"பகிடி விடுறியா?"

"இல்லையக்கா. விதியில இருக்கு."

இறங்கினார்கள்.

முதல் வளைவு. தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்த பாதை, கண்ணாடி போல் மினுங்கியது.

"இஞ்சயோ?"

நிரோஜினி ஸ்கீயின் விளிம்பை அழுத்திப் பார்த்தாள். பிடித்தது.

"இஞ்ச வெறும் ஐஸ். பயம் கீழ, அந்தப் பள்ளத்தில."

பள்ளத்துக்கு வந்தார்கள். வேறு நாட்டுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, கையை வளைத்து வளைத்து, பாதையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். நிரோஜினி இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள்.

"இஞ்சயோ?"

"இதில வலக்காலை இறுக்கிப் பிடிச்சாச் சரி. இது இல்லை."

"அப்ப?"

"உனக்குத் தெரியாதா? அந்தப் பாய்ச்சல்."

ஆரணிக்கு நன்றாகவே தெரியும். போன வருடம் இதே மலையில் நடந்த வேறொரு போட்டியில், அந்த மேட்டிலிருந்து பாய்ந்தபோதுதான் நிரோஜினி விழுந்தாள். காற்றில் ஒரு ஸ்கீ கழன்றது. பாதையோரப் பாதுகாப்பு வலைக்குள் போய்ச் சுருண்டாள். முழங்காலை வெட்டித் தைத்தார்கள். நடக்கவே ஆறு மாதமாயிற்று.

மேட்டைத் தாண்டி, விழுந்த இடத்துக்கு வந்தார்கள். நிரோஜினி நின்றாள். அழுகை வந்தது. மூக்கைக் கையுறையால் துடைத்துக்கொண்டு அழுதாள். ஆரணி வேறு பக்கம் பார்க்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றாள்.

அழுது முடிந்தது.

"இஞ்சதானே அக்கா?"

"இஞ்சதான் விழுந்தனான்."

"நான் கேட்டது அது இல்லை."

நிரோஜினி பனியைப் பார்த்தாள். நேற்றுக் கொட்டிய பனி. அதற்கு அவளைத் தெரியாது.

"விழேக்க பயமா இருந்ததே?" என்று கேட்டாள் ஆரணி.

"விழேக்க எங்கயடி நேரம்? வலைக்குள்ள கிடக்கேக்க நோவு. உயிர் போற நோவு. பயம் வந்தது ஆஸ்பத்திரியில."

"ஆஸ்பத்திரியைத் திருத்தச் சொல்லேலாது."

நிரோஜினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சும்மா அலட்டாதை. நட. கடைசிச் சரிவிலதான் இருக்கு. கால் சோர்ந்த நேரம் அது. அதிலதான் எனக்குப் பயம்."

கடைசிச் சரிவும் வந்தது. செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாக விரிந்தது. கீழே கொடிகள் தெரிந்தன. யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சயோ?"

நிரோஜினி சரிவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திடீரென்று சீறினாள்.

"என்னையே கேக்கிறாய். நீயும் ஓடினனீதானே? நல்லா ஓடிக்கொண்டிருந்த நீ ஏன் விட்டனீ? உனக்குப் பயம் எங்க வந்தது?"

"தெரியாது."

"தெரியாதெண்டால்?"

"நான் இடம் பாக்கேல்லை அக்கா. பாதையில இறங்கவே இல்லை. அந்த வருசம் லிஃப்ட் ரெண்டு பக்கமும் ஓடினது. ஏறின லிஃப்டிலயே திரும்பி வந்து நம்பரைக் குடுத்திட்டன்."

"பிறகு?"

"பிறகு கோச் ஆனனான்."

"கவலை இல்லையா?"

"கவலைதான். ஒவ்வொரு போட்டியிலயும் கவலைதான். வாங்கோ, நேரமாகுது."

நிரோஜினிக்கு இவளை அடிக்கவும் வேண்டும் போலிருந்தது, கட்டிப் பிடிக்கவும் வேண்டும் போலிருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பக்கவாட்டில் வழுக்கி முடிவுக் கோட்டைத் தாண்டினாள்.

நடுவர் குழுவின் மரக் குடில் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. யன்னலுக்குள் கண்ணாடி போட்ட ஒரு பெண் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கள்" என்றாள் அவள், ஆரணியைப் பார்த்து.

"நான் இல்லை. அவதான்" என்றாள் ஆரணி. சொல்லிவிட்டுக் குனிந்து தன் சப்பாத்தின் கொளுவியைத் தளர்த்தத் தொடங்கினாள்.

நிரோஜினி யன்னலுக்கு முன்னால் வந்தாள்.

"நான் இன்று ஓடவில்லை."

"ஐயோ, பாவம். முழங்காலா?"

"முழங்கால் நன்றாக இருக்கிறது."

"உடம்பு சுகமில்லையா?"

"சுகம்தான்."

நடுவர் கோப்பையை வைத்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்படியானால் பாதையில் ஏதும் ஆபத்தா? தயங்காமல் சொல்லுங்கள். எந்த இடம்? இப்போதே ஆட்களை அனுப்புகிறேன். உங்களுக்குப் பிறகும் பிள்ளைகள் ஓட வேண்டும் அல்லவா?"

நிரோஜினி ஆரணியைப் பார்த்தாள். ஆரணி இன்னும் கொளுவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

நிரோஜினி திரும்பி மலையைப் பார்த்தாள். அடியிலிருந்து உச்சி வரை முழுப் பாதையும் தெரிந்தது.

"எந்த இடம்?" என்றாள் நடுவர் மறுபடியும்.

நிரோஜினி கையைத் தூக்கினாள். விரல் கடைசிச் சரிவுக்குப் போனது. அங்கிருந்து பாய்ச்சலுக்கு ஏறியது. பள்ளத்துக்குப் போனது. முதல் வளைவுக்குப் போனது. அதற்கு மேல் வானம்.

கையை இறக்கினாள்.

"மேலே போகிற லிஃப்டை எத்தனை மணிக்கு நிறுத்துவீர்கள்?" என்று கேட்டாள்.