போதும் என்ற சொல்லும் மூன்று கிளிக்குஞ்சுகளும்

கேளுங்கள். கடல் இன்னும் இரண்டு காதம் கிழக்கே தள்ளிக் கிடந்த காலத்தில், ஆம்பல்நாடு என்றொரு நாட்டை வல்லியக்கோன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அவன் சிறுவனாக இருந்தபோது அந்நாட்டில் மூன்று ஆண்டுகள் மழை பெய்யவில்லை. அரண்மனைப் பிள்ளையே ஆனாலும், முதலாண்டில் அவன் கேழ்வரகுக் கூழ் குடித்தான். அடுத்த ஆண்டில் புளியங்கொட்டையை வேகவைத்துத் தின்றான். மூன்றாம் ஆண்டில் தின்ன ஒன்றுமில்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தான்.

பஞ்சம் தீர்ந்து, அவன் அரியணை ஏறிய நாளில் இட்ட முதல் ஆணை இதுதான்: உணவுக்கு முன்னால் அமர்ந்துகொண்டு 'போதும்' என்ற சொல்லை இந்த அரண்மனையில் எவரும் சொல்லக்கூடாது.

அந்தச் சொல் ஒலித்தால் பஞ்சம் மறுபடி வாசலுக்கு வந்து நிற்கும் என்று அவன் நம்பினான். ஆகவே வயிறு நிறைந்த விருந்தினர்கள் கண்களால் கெஞ்சினார்கள். பரிமாறுபவர்கள் அதைக் காணாதவர்கள்போல் இன்னும் ஒரு கரண்டி வைத்தார்கள்.

அரசனுக்கு ஒரே மகன். அரசி பிள்ளைப்பேற்றிலேயே இறந்துவிட்டதால், சேந்தி என்ற செவிலித்தாய் அவனுக்குப் பாலூட்டினாள். பால் மறந்த பின்பு அவனுக்கு உணவூட்டும் வேலையை மடைப்பள்ளித் தலைவி சோலையாயி ஏற்றுக்கொண்டாள். அரசனின் தமக்கை குமுதவல்லி அதை அருகிலிருந்து மேற்பார்வையிட்டாள். சேந்திக்குத் தாலாட்டும் தொட்டிலும் மட்டும் மிஞ்சின.

மூன்று வயதாகியும் பிள்ளை நடக்கவில்லை. எழுந்து நின்றால் மூச்சு வாங்கியது. பார்க்க வந்த மருத்துவர், உடலில் வலுவில்லை என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் நெய் சேர்க்கச் சொன்னார்.

ஒருநாள் சோலையாயி பருப்புச்சோற்றை உருட்டி நீட்டியபோது, பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். அவள் அவன் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். சேந்தி எட்டி அவள் மணிக்கட்டைப் பற்றினாள்.

"போதும்" என்றாள்.

சோலையாயி சோற்றுக் கையோடு அரசனிடம் ஓடினாள்.

"என் மகன் வாயிலிருந்து சோற்றைத் தட்டிவிட்டாயா?" என்று அரசன் சேந்தியை அழைத்துக் கேட்டான்.

"தட்டவில்லை, அரசே. பிள்ளை சொல்ல நினைத்ததை நான் சொன்னேன்."

"அவன் சொன்னானா?"

"அந்தச் சொல்லை அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், அவன் சொல்ல?"

விடிந்ததும் அவள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான். பிள்ளையைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது என்றான்.

அன்று மாலை பெரும் புயல் வீசியது. விடிந்தபோது அரண்மனைத் தோட்டத்தின் முதிய இலுப்பை மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. மூட்டையோடு புறப்பட்ட சேந்தி, அதன் பொந்துக்குள் மெல்லிய சத்தம் கேட்டு நின்றாள். உள்ளே மூன்று கிளிக்குஞ்சுகள் இருந்தன. முட்டையை விட்டு வந்து ஓரிரு நாள்கூட ஆகியிருக்காது. இறகு இல்லை; கண் திறக்கவில்லை; தலையைத் தாங்கும் வலு கழுத்துக்கு இல்லை. தாய்க்கிளியைக் காணவில்லை.

அவள் அவற்றை முந்தானையில் அள்ளினாள். மாடத்திலிருந்து பார்த்த சோலையாயி உரக்கச் சிரித்தாள்.

"பாருங்கள் கூத்தை! பிள்ளையைப் பட்டினி போட்டவள் குஞ்சைக் காப்பாற்றப் போகிறாளாம்! அடியே சேந்தி, அதுகளிடமும் அந்தச் சொல்லைச் சொல்லப் போகிறாயா?"

சிரிப்பைக் கேட்டு அரசனும் தமக்கையும் வெளியே வந்தார்கள். அரசன் குஞ்சுகளைப் பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த சிறுவனின் நினைவு அவனுக்கு வந்திருக்கக்கூடும்.

"மூவரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான். "இறகு முழுதும் முளைத்த பின் தராசில் வைப்போம். எவர் வளர்த்த குஞ்சு கனமாக இருக்கிறதோ, அவர் கையில் என் மகனை ஒப்படைப்பேன். சேந்தி தோற்றால், இன்று போகவேண்டியவள் அன்று போகட்டும்."

"கனமா, அரசே, நலமா?" என்று சேந்தி கேட்டாள்.

"இரண்டும் ஒன்றுதானே?" என்றான் அரசன்.

சோலையாயி பாலில் பருப்பையும் சோற்றையும் கரைத்தாள். வாய் திறந்தால் பசி என்பது அவள் கணக்கு. கிளிக்குஞ்சு விரல் பட்டாலும் வாய் திறக்கும். காலடி கேட்டாலும் வாய் திறக்கும். காற்று பட்டாலும் வாய் திறக்கும். அத்தனை முறையும் அவள் ஊட்டினாள்.

சேந்தி வேறுவிதமாகச் செய்தாள். மண்சட்டியில் இலவம்பஞ்சு பரப்பி, அடுப்பின் இளஞ்சூடு படும் இடத்தில் வைத்தாள். தினைமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, உதட்டில் தொட்டுச் சூடு பார்த்து, இளவரசனுக்கு ஒரு காலத்தில் பால் புகட்டிய சங்கால் சொட்டுச் சொட்டாக விட்டாள். குஞ்சின் கழுத்துக்குக் கீழே இரை தங்கும் பை ஒன்று உண்டு. தோல் மெல்லியதாகையால் உள்ளே இருக்கும் கஞ்சி வெளியே தெரியும். பை உப்பியதும் "போதும்" என்று மெல்லச் சொல்லிச் சங்கை எடுத்துவிடுவாள். பை வற்றித் தளர்ந்த பிறகுதான் மீண்டும் ஊட்டுவாள். நடுவில் குஞ்சு எவ்வளவு கத்தினாலும் தன் கையைத் தன் மடியிலேயே வைத்திருப்பாள்.

சில நாட்களில் சோலையாயியின் குஞ்சு தலையைத் தொங்கவிட்டது. பை வற்ற நேரமில்லாமல் உள்ளே இருந்த இரை புளித்துப் போயிருந்தது. மறுநாள் அது இறந்தது.

"அது கேட்கக் கேட்கக் கொடுத்தேனே!" என்று சோலையாயி அழுதாள். அவள் அழுகையில் பொய் இல்லை.

குமுதவல்லி அறிவுள்ளவள். செத்த குஞ்சைப் பார்த்ததும் பெருமையை ஒதுக்கிவைத்துவிட்டுச் சேந்தியின் அறைக்கு வந்தாள்.

"நீ எப்படிச் செய்கிறாய், சொல்லடி. நான் ஜெயித்தாலும் தோற்றாலும் இது சாகக்கூடாது."

"இந்தப் பையைத் தொட்டுப் பாருங்கள், அம்மா. அது சொல்வதைக் கேளுங்கள்" என்றாள் சேந்தி. தன் எதிராளிதானே என்று எதையும் மறைக்கவில்லை.

இரண்டு குஞ்சுகளும் வளர்ந்தன. கண் திறந்தன. முள்முள்ளாய் இறகுக் குருத்துகள் அரும்பின. பிறகு பச்சை விரியத் தொடங்கியது. அப்போது அரசன் ஒருமுறை வந்து, குன்றிமணிகளை எதிர்த்தட்டில் இட்டு இரண்டையும் நிறுத்தான். சேந்தியின் குஞ்சு ஒரு மணி கூடுதலாகவே இருந்தது. அரசன் மணிகளின் எண்ணிக்கையை மனத்தில் குறித்துக்கொண்டு போனான்.

அதன் பிறகு ஒரு மாற்றம் நேர்ந்தது. இரண்டு குஞ்சுகளுமே சங்கைக் கண்டு அலகை மூடிக்கொண்டன. கழுத்தைத் திருப்பிக்கொண்டன. ஊட்டியதை உதறித் தள்ளின.

குமுதவல்லி கலங்கினாள். நிறுக்கும் நாள் நெருங்குகிறது. குஞ்சு மெலிந்தால் என்ன ஆவது? அவள் அலகை விரலால் பிளந்து கஞ்சியைப் புகட்டினாள். மகனே, கண்ணே, இன்னும் ஒரு வாய் என்று கொஞ்சிக் கொஞ்சிப் புகட்டினாள்.

சேந்தி சங்கைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஊறிய தினையையும் ஒரு கொய்யாக் கீற்றையும் குஞ்சின் முன்னால் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி அமர்ந்தாள். அது கொஞ்சம் கொத்தியது, நிறையச் சிந்தியது. மீதி நேரமெல்லாம் சட்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டு சிறகை அடித்தது. நாளுக்கு நாள் அதன் உடல் இளைத்தது. தோற்றால் தனக்கு என்ன நேரும் என்பது சேந்திக்குத் தெரியும். ஆனாலும் கவிழ்த்த சங்கை அவள் நிமிர்த்தவில்லை.

நிறுக்கும் நாள் வந்தது. அவை கூடியது. அரசன் மகனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தான்.

குமுதவல்லியின் கிளி தட்டில் அமர்ந்ததும் தட்டு தரையைத் தொட்டது. குன்றிமணிகளை அள்ளி அள்ளிப் போட்டுத்தான் முள்ளை நேராக்க முடிந்தது. அதே மணிகளுக்கு எதிரே சேந்தியின் கிளியை வைத்தார்கள். அதன் தட்டு மேலேறி நின்றது. முள் நேராகும்வரை மணிகளை எடுத்துவிட்டு, மிஞ்சியதை எண்ணினார்கள்.

"முன்பு இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது!" அரசன் குரல் உயர்ந்தது. "இதையும் பட்டினி போட்டிருக்கிறாய். சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா?"

"கிளி கொஞ்ச நேரம் தட்டிலேயே இருக்கட்டும், அரசே" என்றாள் சேந்தி.

தட்டு ஆடியது. கிளி சங்கிலியைக் காலால் பற்றிக்கொண்டது. இருமுறை சிறகை விரித்து மடக்கியது. மூன்றாம் முறை விரித்தபோது தட்டில் அது இல்லை. அவையின் உத்தரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அங்கிருந்து சாளரத்துக்குப் போனது. சாளரத்திலிருந்து வெளியே இருந்த வேப்பமரத்துக்குப் போனது.

அதைக் கண்ட குமுதவல்லியின் கிளியும் அவள் தோளிலிருந்து எழும்பியது. ஒரு முழம்கூடப் போகவில்லை. பொத்தென்று தரையில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே அலகைத் திறந்துகொண்டு கத்தியது.

அரசன் ஒருபக்கம் சாய்ந்து நின்ற தராசைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பறக்கப் போகும் குஞ்சு தன் கனத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அரசே. அதற்காகத்தான் அலகை மூடியது. அதற்குப் பேச்சு வராது. அதன் சார்பில் நான் 'போதும்' என்றேன்" என்றாள் சேந்தி.

"அந்தச் சொல்லை ஏன் தடுத்தேன் என்று உனக்குத் தெரியுமா?" அரசன் குரல் தணிந்திருந்தது. "பசி என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நானும் அந்தப் பஞ்சத்தில் வளர்ந்தவள்தான். அந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் தெருவில் எவராவது 'போதும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. பசித்தவர் வாயில் அது வராது, அரசே. வயிறு நிறைந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய சொல் அது. அது ஒலிக்காத வீட்டில்தான் பஞ்சம் இருக்கிறது."

குமுதவல்லி தரையில் கிடந்த தன் கிளியை எடுத்தாள். அதைச் சேந்தியிடம் கொடுத்தாள். "இதற்கும் நீயே சொல்" என்றாள்.

அன்று உணவு வேளையில் அரசன் தானே மகனுக்கு ஊட்டினான். சில கவளங்கள் உள்ளே போயின. பிறகு பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். நீட்டிய கவளத்தோடு அரசனின் கை அந்தரத்தில் நின்றது.

சோலையாயி சேந்தியைப் பார்த்தாள். சேந்தி அரசனைப் பார்த்தாள்.

பஞ்சத்துக்குப் பிறகு உணவின் முன்னால் அரசனின் நாவில் ஏறாத சொல் அது.

"போதும்... என்று சொல், மகனே."

பிள்ளை தந்தையின் உதடுகளை உற்றுப் பார்த்தான்.

"போதும்" என்றான்.

அரசன் கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான். வாசற்பக்கம் ஒருமுறை பார்த்தான். அங்கே யாரும் வந்து நிற்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், சேந்தியின் பொறுப்பில் வளர்ந்த அந்தப் பிள்ளை வேப்பமரத்தடியில் இரண்டு கிளிகளைத் துரத்திக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள்.

இக்கதை சொல்லும் நீதி: வயிறு நிறைந்ததைப் பிள்ளை தானே சொல்ல விடாத அன்பு, பசியைப் போலவே கேடு செய்யும்.