குளிர்வண்டிக்குள் ஆவுடையப்பன்

“மிஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. டிரைவர்தான் கோளாறு,” என்றார் ஆவுடையப்பன்.

ரெஜினா ஸ்பேனரைக் கீழே வைத்தாள். தூத்துக்குடி பைபாஸில் குளிர்வண்டிகளை ரிப்பேர் செய்கிறவள். வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் படிக்க வந்திருக்கும் ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தைந்து. ஐஸ் ஃபேக்டரியில் இருபது வருடம் இருந்தவர். அந்த இருபது வருடத்தைத் தினமும் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

“எதெல்லாம் பாத்தீங்க அண்ணாச்சி?”

“கம்ப்ரசர், கேஸ், பெல்ட், ஃபேன். எல்லாம் கிண்ணுன்னு இருக்கு. அப்புறம் எப்படி ரெண்டு லோடு இறால் கெட்டுப்போகும்? டீசலைத் திருடி விக்கிறதுக்கு வழியில மிஷினை அணைச்சிருக்கான் இந்தக் கொம்பையா. கம்பெனிக்கு அப்படியே எழுதிடவா?”

எழுதினால், வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த கொம்பையாவுக்கு வேலை போகும். திருட்டுப் பட்டத்தோடு போகிறவனை வேறு எந்த வண்டியிலும் ஏற்ற மாட்டார்கள்.

“உள்ளே பாத்தீங்களா?”

“காலிப் பெட்டியில பாக்க என்னம்மா இருக்கு?”

“ஏறித்தான் பாருங்களேன்.”

ஏறினார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

ஆவுடையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவை அறைந்தார்.

“ஏம்மா! இது என்ன விளையாட்டு! திறங்க!”

“யக்கா, வயசானவரு. திறந்து விட்டுருங்க,” என்று வெளியே கொம்பையா கெஞ்சினான்.

ரெஜினாவின் குரல் வந்தது. “என்ன தெரியுது அண்ணாச்சி?”

“ஒரு இழவும் தெரியல!”

“அப்ப இன்னும் கொஞ்ச நேரம் இருங்க.”

கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். வேறு வழியில்லாமல் கண்ணைத் திறந்தார்.

கதவின் கீழ் மூலையில் வெயில்.

மூன்று விரல் அகலத்துக்குப் பளீரென்று உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

தவழ்ந்து போய்த் தடவினார். குளிர் வெளியே போகாமல் அடைக்கும் கதவு ரப்பர் அந்த இடத்தில் இல்லை. தானாகப் பிய்ந்ததுமில்லை. யாரோ கத்தி வைத்து நேராக வெட்டியிருக்கிறார்கள்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன மாதம் இதே வண்டிக்கு கேஸ் ஏற்றினார். குளிர் சரியாகவே வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. தன் தெர்மாமீட்டர் ஒயரை உள்ளே விட அவரே ரப்பரை வெட்டினார். மூன்று நாள் பார்த்துவிட்டு ஒயரை உருவிக்கொண்டார். வெட்டிய இடத்தில் பழைய துணியை அடைத்தார். அந்தத் துணி எந்த ஊரில் விழுந்ததோ, அதோடு அவரும் மறந்துபோனார்.

கதவு திறந்தது.

திறந்தவன் கொம்பையா. கையில் தண்ணீர் பாட்டில். ரெஜினா தள்ளி நின்றாள்.

ஆவுடையப்பன் வண்டியிலிருந்து இறங்கினார்.

“கொம்பையா, ரப்பரை வெட்டினது நான்யா. உன்னைத் திருடன்னு சொன்னதும் நான்தான்.”

“சொன்னது எனக்குக் கேட்டுச்சு அண்ணாச்சி. மொதல்ல தண்ணியைக் குடிங்க.”