பூசணித் திருடன்

மார்கழி மாதம். மிராசுதார் சபாபதியின் கொல்லையில் பூசணிக்கொடி கூரை வரைக்கும் ஏறிப் பூத்ததே தவிர, ஒரு காய்கூட நிற்கவில்லை. மனுஷர் ஊரையே கூட்டிவிட்டார்.

“இத்தனை பூ பூத்திருக்கே, காயெல்லாம் எங்கே? திருடனைக் காட்டு. இல்லேன்னா நீதான் திருடி, வேலையும் போச்சு!” என்று தோட்டக்காரி வேம்பாயியை அதட்டினார்.

“வாங்கய்யா, காட்டுறேன்” என்று எல்லாரையும் வாசலுக்குக் கூட்டிப்போனாள் வேம்பாயி. தெருவை அடைத்த கோலத்தில் வரிசையாகச் சாணி உருண்டைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பூசணிப்பூ.

“தினம் விடியக்காலையில இதைப் பறிக்கிறது யாருங்க?”

“நான்தான்! இந்த ஊர்ல எவன் வாசல்ல இத்தனை பூ இருக்கு?”

“அத்தனையும் ஆண்பூங்க. மாப்பிள்ளைங்களை எல்லாம் வாசல்ல உட்கார வச்சுட்டா, கொல்லையில இருக்கிற பொண்ணுங்களுக்குப் பிள்ளை எப்படிங்க பிறக்கும்?”

மறுநாள் மிராசுதார் வாசலில் சாணி உருண்டைகள் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தன.